நட்சத்திரம் ஒட்டிய இடங்கள்

குழந்தைகளுக்கு நட்சத்திரம் பிடிக்கும், டீச்சர். பளபளவென்று இருந்தால் இன்னும் பிடிக்கும். ஒரு தாளில் நூறு நட்சத்திரம் வரும். உரித்து ஒட்ட வேண்டியதுதான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கதை சொல்லி, நாடகம் போட்டு, எழுதப் பழக்குகிறவனுக்கு வேறென்ன சாமான் வேண்டும்? ஒரு தொப்பி, ஒரு கரடிப் பொம்மை, இந்த நட்சத்திரங்கள்.

வகுப்புக் குப்பைக்கூடையிலிருந்து நீங்கள் பொறுக்கி எடுத்த காகிதங்களைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

பள்ளி திறந்த மாதம் உங்கள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தேன். கை கழுவாத கரடிக்கு வயிற்றுவலி வந்து அது திருந்துகிற நாடகத்தை நடத்திக் காட்டினேன். என் இருபத்து மூன்று புத்தகங்களில் அது பதினெட்டாவது. மற்ற இருபத்திரண்டிலும் யாராவது திருந்துவார்கள். பிறகு, வீட்டிலுள்ள ஒரு பொருள் பேசினால் என்ன பேசும் என்று எழுதச் சொன்னேன். முப்பத்தொன்பது குழந்தைகள் டிவியைப் பேசவைத்தார்கள். ஒருத்தி மட்டும் செருப்பைப் பேசவைத்தாள். ஒல்லியாக இருப்பதால் ஊசி என்று கூப்பிடுவார்களே, அவள். அதை உரக்கப் படித்தது நீங்கள்தான்.

அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அவருடைய பழைய செருப்பு வாசலில் வீட்டுக்குள் பார்த்தபடி கிடக்கிறது. இடது செருப்பு கேட்கிறது: "நாம எப்ப வெளிய போவோம்?" வலது சொல்கிறது: "அவரு புதுசு வாங்கிட்டாரு. நீ தூங்கு."

அவ்வளவுதான் நாடகம். வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் கரடிக்கு அப்படியொரு அமைதி வாய்த்ததேயில்லை. அது பேசும்போது யாராவது சாப்பாட்டு மணி எப்போது என்று கேட்பார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு வாண்டு எழுந்தது. "மாமா, உங்க கரடிய விட இந்தச் செருப்பு சூப்பர் மாமா." எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வயதுப் பெண்ணிடம் எனக்கென்ன பொறாமை? கவலை. இப்படி எழுதுகிறவள் பெரியவளானால் அவளை எந்தப் பள்ளிக்கூடம் கூப்பிடும்?

அவளுடைய நீல நோட்டைத் திருத்தித் தருவதாக வாங்கிக்கொண்டேன். பதினொரு நாடகங்கள். ஒரே மூச்சில் படித்து முடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவளுக்குப் புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன், என் செலவில்.

புது நோட்டில் அவள் ஒரு குடையைப் பேசவைத்தாள். அதில் நல்ல வரிகளை நான் அடிக்கவில்லை. அடித்தால் குழந்தை முறைத்துக்கொண்டு அதையே இன்னும் அழுத்தி எழுதும். எதுவும் சொல்லாமல் விட்டால் போதும். அவள் அவசரத்தில், பக்கத்தை நிரப்ப எழுதிய வரி ஒன்று இருந்தது: "எல்லோரும் அன்பாக வாழ வேண்டும்." அதன் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் ஒட்டினேன்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, குடை அழுவுற இடம் நல்லா இல்லையா?"

"யாரும்மா சொன்னது? நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டார் எங்க இருக்குன்னு பாரு."

பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், சட்டென்று பிடித்துக்கொண்டாள். அடுத்த முறை குடை மன்னிப்புக் கேட்டது. அதற்கடுத்த முறை அப்பாவே திரும்பி வந்துவிட்டார், எல்லோரும் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏழு நட்சத்திரம். அவளுடைய அம்மா பள்ளி வாசலில் காத்திருந்து கும்பிட்டார். "முன்னாடி என்னென்னவோ எழுதுவா சார், படிச்சா எனக்குத் தூக்கமே வராது. இப்பத்தான் எல்லாரு மாதிரியும் எழுதுறா."

திருடினேனா என்றுதானே சந்தேகப்படுகிறீர்கள்? இல்லை. அந்த இரண்டு செருப்பையும் என் புது நாடகத்தில் வைத்துப் பார்த்தது உண்மை. பக்கத்தில் என் கரடி பஞ்சு அடைத்த பொம்மையாகத் தெரிந்தது. எடுத்துவிட்டேன். ஒரு வரிகூட வைத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் நேற்று நீல நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பயிற்சியின் கடைசி நாள், நீங்கள் அலுவலக அறைக்குப் போயிருந்தீர்கள். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். காது சிவந்துவிட்டது.

"ஐயே, இதையா நான் எழுதினேன்? கடைசில யாருமே திருந்தல மாமா. யாருகிட்டயும் காட்டலையே?"

"இல்லம்மா. உன் நோட்டு, நீயே முடிவு பண்ணு."

பக்கம் பக்கமாகக் கிழித்தாள். ஒரு துண்டுகூடத் தரையில் விழவில்லை, நல்ல வளர்ப்பு. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இதை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள், டீச்சர்: கிழித்தது நான் இல்லை. நீங்கள் ஒட்டவைத்திருக்கும் பக்கங்களை அவளிடம் காட்டாதீர்கள், குழந்தை வெட்கப்படும்.

பதினொன்றாவதையும் கிழித்துப் போட்டுவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். இருப்பதிலேயே பெரிய நட்சத்திரமாகத் தேடி ஒட்டினேன்.