அணைத்து வைத்து எடுத்த அளவு

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்க வேண்டும், ஐயா. கிடைக்காவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை தலைவலிதான்.

விருத்தாசலத்தில் மின்கருவிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. ஒரு கருவி ஓடும்போது அதன் வயர் வழியாகக் காதுக்குக் கேட்காத ரேடியோ இரைச்சல் கரண்ட் லைனுக்குள் போகும். அதே லைனில் உள்ள மற்ற கருவிகளைக் குழப்பிவிடும். அது வரம்புக்குள் இருக்கிறதா என்று அளப்பேன். முதலில் கருவியை அணைத்து வைத்து ஓர் அளவு, பிறகு ஓடவிட்டு ஓர் அளவு. அதுதான் முறை.

அன்று வந்தது, பீங்கான் சூளைக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் கன்ட்ரோல் பெட்டி. ஓடவிட்டதும் இரைச்சல் வரம்பைத் தாண்டியது. திருப்பி அனுப்புவதென்றால் காரணம் எழுத வேண்டும், படங்கள் சேர்க்க வேண்டும், பஸ் போய்விடும். அணைத்து வைத்து எடுத்த அளவையே அறிக்கையில் வைத்துக் கையெழுத்திட்டேன். அதுவும் நான் எடுத்த அளவுதானே.

பத்து நாள் கழித்துச் சூளை பார்க்கும் கொளஞ்சிநாதன் போன் செய்தார். "சார், புதுப் பெட்டி ஓடுனாலே கேஸ் அலாரம் சும்மா சும்மா அடிக்குதுங்க. கேஸும் கசியல, ஒண்ணுமில்ல. ஒருவாட்டி வந்து பாருங்க."

போனேன். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். மரியாதை தெரிந்த மனிதர். பெட்டியின் இரைச்சல்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அறிக்கையைத் தோண்டுவார்கள். "அலாரந்தான் கெட்டுப்போச்சு. கழட்டிடலாம்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் உண்மையாகவே கேஸ் கசிந்தது. தெரியாமல் சூளையைப் பற்றவைத்த கொளஞ்சிநாதனும், பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த திரௌபதியும் செத்துப்போனார்கள். துக்கத்துக்குப் போனேன். கொளஞ்சிநாதனின் மனைவி துர்கா என்னிடம், "அலாரம் நல்லா இருந்திருந்தா பொழச்சிருப்பாருங்களா சார்?" என்று கேட்டார்.

"அது கெட்டுப்போயிருந்துச்சும்மா. அடிச்சிருக்காது" என்றேன். அந்த அம்மாளுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

அலாரம் நிஜமாகவே கெட்டிருந்ததா என்று நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். அலாரத்தைப் பார்க்கப் போன அன்று, டீ வாங்கிவரக் கொளஞ்சிநாதனை அனுப்பிவிட்டு, பெட்டியை அணைத்தேன். சிகரெட் லைட்டரின் கேஸை அலாரத்துக்குப் பக்கத்தில் திறந்துவிட்டேன். மூன்று எண்ணுவதற்குள் அடித்தது. அதன் பிறகே கழற்றினேன். சோதித்துப் பார்க்காமல் எந்தக் கருவியிலும் நான் கைவைப்பதில்லை, ஐயா.