பெட்டியும் உருளையும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, ஆண்டிலும் அறிவிலும் மூத்த பெரியோர்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, இன்று இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்கும் பேராசிரியர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

புகழ்ந்து பேசச் சொன்னார்கள். எனக்குப் புகழ வராது. முப்பது ஆண்டுகள் சோதனைக்கூடத்தில் கான்கிரீட்டை உடைத்தவள் நான். எந்த எடையில் உடைந்தது என்று எழுதுவதே என் தொழில். அந்தக் கையோடுதான் இவரைப் பற்றியும் சொல்கிறேன்.

வந்தார் இவர், கடல் கடந்து, கட்டடப் பொறியாளராக. கற்றார், கற்பித்தார், துறைத் தலைவரானார், புலத் தலைவரானார். படிப்படியாக ஏறியவர் என்கிறீர்கள். ஏறியது உண்மை. ஒரு படியில் சறுக்கியதும் உண்மை. அதைச் சொல்ல இன்று என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கான்கிரீட்டின் வலிமையை அறிய, கலவையை அச்சில் ஊற்றி, இறுகியபின் உடைத்துப் பார்ப்போம். இவர் பிறந்த நாட்டில் அச்சு பெட்டி வடிவம். இங்கே உருளை வடிவம். ஒரே கலவைதான், ஆனால் பெட்டி கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஊரில் எடுத்த பெட்டிக் கணக்கை இங்குள்ள உருளைக் கணக்கோடு சேர்த்து, வந்த மூன்றாம் ஆண்டில் இவர் ஓர் அட்டவணை போட்டார். கூடுதலைக் கழிக்க மறந்தார், கணக்கில் வலிமை உள்ளதைவிட உயர்ந்து நின்றது. அட்டவணை பாராட்டப்பட்டது, பாடமானது, பல கட்டடங்களுக்கு அடிப்படையும் ஆனது. அங்கிருந்து இங்கே வந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது!

நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே பதவிக்கான நேர்காணலுக்குப் பத்து நாள் இருந்தது. பழைய கட்டுரைகளைப் புரட்டியவர் நேரே என்னிடம் வந்தார். ஒரே கலவையில் ஆறு பெட்டி, ஆறு உருளை ஊற்றச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. ஏழு நாள் தண்ணீரில் ஊறவைத்து உடைத்தேன். உருளைகள் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தாங்கின. அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "சார், நேர்காணல் முடியட்டும். இத்தனை வருஷம் நின்ன கட்டடம் இன்னும் மூணு நாள் நிக்காதா?"

"நிக்கும் அக்கா. மூணு நாள் கழிச்சு நான்தான் நிக்க மாட்டேன். பதவி கைக்கு வந்துட்டா எனக்கு வாய் வராது."

போனார். தேர்வுக் குழுவின் முன் முதல் வார்த்தையாக அதையே சொன்னார். பதவி வேறொருவருக்குப் போனது. இவருடைய துணைவியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்வரிசையிலிருந்து அந்த அம்மாவே நான்கு விரலைக் காட்டுகிறார்கள். நான்கு நாளாம், திருத்திக்கொள்கிறேன். எனக்கும் கோபம்தான். பிழையைச் சொன்னவருக்குத் தண்டனை, சொல்லாதவருக்கு நாற்காலியா என்று ஆறாமல் திரிந்தேன்.

அவர் கோபப்பட்டாரா? புலம்பினாரா? ஊரைவிட்டுப் போனாரா? இல்லை. அந்த அட்டவணையை நம்பிக் கட்டிய கட்டடங்களைத் தேடினார். முப்பத்தொன்று கிடைத்தன. கதவு கதவாகத் தட்டி, "தப்பு என்னுது, பார்த்துடலாம்" என்று கேட்டு உள்ளே போனார். தளம் தளமாக அளந்தோம். இருபத்தெட்டு நன்றாகவே இருந்தன. மூன்று அப்படி இருக்கவில்லை. மூன்றையும் பலப்படுத்தி முடித்த ஆண்டில் பதவி மீண்டும் காலியானது. இம்முறை இவர் விண்ணப்பிக்கவில்லை. குழுவே தேடி வந்தது.

அந்த மூன்றில் ஒன்று எது என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் இடப்பக்கம் இரண்டு தூண்கள் மட்டும் இரும்புச் சட்டை போட்டு நிற்கின்றனவே, அழகுக்கென்றா நினைத்தீர்கள்? எழுந்திருக்க வேண்டாம் ஐயா, உட்காருங்கள். சட்டை போட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது, நானே சோதித்தேன்.

அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், இவர் நான்கு ஆண்டு முன்பே இந்த மேடையில் ஏறியிருப்பார். இன்று இந்த மேடைக்கு மேல் கூரை இருந்திருக்குமா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. புதிய தலைவருக்கு என் வாழ்த்து. வணக்கம்.