பவுனின் சர்க்கரை

காப்பி நன்றாக இருக்கிறது, அய்யா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்காரர் இருக்கிற வீட்டில் பல வருஷம் குப்பை கொட்டினால் நாக்கு அப்படிப் பழகிவிடுகிறது.

என் மாமனார் எப்படி இறந்தார் என்று கேட்கிறீர்கள். நான் பூனையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும். உங்கள் ஏட்டையா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

வலையபட்டியில் எங்கள் வீட்டை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள். தனி அறை, தனி அடுப்பு, தனி அரிசி. ஒரே கூரைதான் என்றாலும் பக்கத்து அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அழகில்லை. ஒரு காலத்தில் அங்கே ஐந்து அடுப்பு புகைந்ததாம். கொழுந்தன்மார் மெட்ராசுக்கும் கோயமுத்தூருக்கும் போன பிறகு இரண்டுதான் மிச்சம். முற்றத்துக்குக் கிழக்கே என் அடுப்பு, மேற்கே மாமனாருடையது. மாமியார் எப்போதோ போய்விட்டார். மாமனாருக்கு வேலைக்காரி சின்னத்தாயி சமைத்துப் போட்டாள்.

என் வீட்டுக்காரர் பினாங்கில் இருக்கிறார். கல்யாணமான வருஷமே கப்பலேறியவர், இடையில் இரண்டு தடவை வந்து போனார். கடைசியாக வந்தபோது, "அப்பச்சி இருக்கிற வரைக்கும் நீ அங்குட்டு வர முடியாது. அவுக காலம் முடியட்டும், கூப்பிட்டுக்கிறேன்" என்றார். நியாயமான பேச்சுதான்.

மாமனாருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. கம்பவுண்டர் மரிய அந்தோணி காரைக்குடியிலிருந்து சைக்கிளில் வந்து போட்டுக்கொண்டிருந்தார். முட்டி வலியால் அவரால் சைக்கிள் மிதிக்க முடியாமல் போனபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்திப் பழகினேன். "ஆச்சிக்குக் கை சுத்தம். நர்சம்மா தோத்துப்போகும்" என்றார். உனக்குச் சம்மதமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அன்று முதல் பிறந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்க முடிந்ததில்லை. காலை ஊசிக்குப் பிறகு கிளம்பி மாலை ஊசிக்குள் திரும்ப முடிகிற தூரம் எதுவோ அதுதான் என் ஊர், உலகம் எல்லாம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் எதிரே நிற்க மாட்டாள், அவரோடு பேச மாட்டாள். அப்படியானால் ஊசி எப்படிப் போடுவது? அவர் அறையின் தேக்குக் கதவை ஒருக்களித்து வைத்திருப்பார். அந்தப் பக்கம் நாற்காலியில் அவர், இந்தப் பக்கம் நான். கதவிடுக்கு வழியாகக் கை வெளியே வரும். ஸ்பிரிட்டால் துடைத்து ஊசியைப் போடுவேன். கை உள்ளே போகும். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அந்தக் கையை மட்டும் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். முழங்கைக்குக் கீழே தீப்பட்ட தழும்பு ஒன்று இருந்தது.

இனிப் பவுனு. புதுவயல் மில்லிலிருந்து அரிசி ஏற்றிவந்த வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே குட்டியாக வந்து இறங்கியது. மஞ்சள் நிறம், அதனால் அந்தப் பேர். அந்தப் பெரிய வீட்டில் என் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிற ஜீவன் அது ஒன்றுதான். அதன் மேல் நான் உயிரையே வைத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் கோடையில் பவுனு ஓயாமல் தண்ணீர் குடித்தது. தின்றும் இளைத்தது. அது மூத்திரம் பெய்த மூலையில் எறும்பு மொய்த்தது. மாமனாருக்கு நோய் வந்ததையும் எறும்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். அவருடைய மூத்திரத்தைத் தினமும் சோதிப்பவள் நான்தான். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சில சொட்டு விட்டு விளக்கில் கொதிக்க வைத்தால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் மோசம். பவுனு போகிற இடத்தில் எனாமல் தட்டை வைத்துப் பிடித்துச் சோதித்தேன். நல்ல செங்கல்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்ல மனிதர். "பூனைக்கும் வரும்மா. ஊசி போட்டா பிழைக்கும். யாரு போடுறது?" என்றார். நான் போடுவேன் என்றேன். சோறு, பால், இனிப்பு மூன்றும் கூடாது, மீனும் கறியும் மட்டும் என்றார். அப்படியே செய்தேன். பவுனுக்காக மீன்காரியைத் தினமும் வரச் சொன்னேன். அது ஊசிக்கு முரண்டு பிடித்ததே இல்லை. பிடரியைத் தூக்கிப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

இன்சுலின் மெட்ராசிலிருந்து ஐஸ் பிளாஸ்கில் ரயிலேறி வரும். ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று அளவாகத்தான் வரும். ஈர மணல் போட்ட பானையில் வைத்துக் காப்பேன். பூனையின் பங்கு இரண்டு சொட்டு. அதனால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

ஆனால் பவுனுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. மருந்தைக் கொஞ்சம் கூட்டினேன். அதே செங்கல். இன்னும் கூட்டினேன். பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை, என் அடுப்படியில் சோற்றுப் பருக்கைகூடச் சிந்தவிடவில்லை. பகலில் அது முற்றத்தைத் தாண்டி மேற்கே போகும். அங்குட்டு நடப்பதை எட்டிப் பார்ப்பது என் வேலை இல்லை என்றுதான் சொன்னேனே. குழாயை விளக்கில் பிடித்துக்கொண்டு, இன்றைக்காவது பச்சை வராதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போயிற்று.

பவுனுக்குக் கூட்டக் கூட்டக் குப்பியில் மட்டம் குறைந்தது. கொதித்து ஆறிய தண்ணீரை ஊசியால் ஏற்றிச் சரிசெய்தேன். அந்த மருந்தும் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருக்கும், வித்தியாசம் தெரியாது. மாமனாருக்குப் பாதி மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அடியோடு நிறுத்திவிடவில்லை. அவருடைய குழாயும் செங்கல் நிறத்துக்கு வந்தது. காரைக்குடி டாக்டர் கேட்டபோது பச்சை என்று சொல்லி அனுப்பினேன். அவரை வீணாகக் கவலைப்பட வைப்பானேன்.

ஆவணியில் நாச்சியாபுரத்தில் பங்காளி வீட்டுக் கல்யாணம். மாமனார் சின்னத்தாயியையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போன மறுநாள், வழக்கமான ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் பவுனு தள்ளாடியது. கால் மடங்கி விழுந்து வெட்டி இழுத்தது. சர்க்கரை குறைந்தாலும் இப்படி வரும் என்று மரிய அந்தோணி சொல்லியிருந்தார். சீனியைக் கரைத்து விரலால் அதன் ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு வழியாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். எங்கள் அம்மா போனதற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடித்த பிறகு யோசித்தேன். அதே ஊசி, அதே மீன். மாறியிருந்தது ஒன்றுதான். மேற்கே அடுப்பு எரியவில்லை.

திரும்பி வந்ததும் சின்னத்தாயியைக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"பெரியய்யாதான் ஆச்சி. தினம் பால்பணியாரம் செய்யச் சொல்லுவாக. கவுனி அரிசி இனிப்புல நெய்யைக் கூட ஊத்துன்னு சொல்லுவாக. தான் ஒரு வாய் தொட மாட்டாக. பூனை நக்குறதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாக. 'என்னையப் பாக்கன்னு இந்த வீட்டுல வர்றது இது ஒண்ணுதான். வந்தவுகளை வெறும் வாயோட அனுப்புறதா'ம்பாக."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "கல்யாண வீட்டுல ஒரு நர்சம்மா அது கொண்டாந்த மருந்தைப் போட்டுச்சு ஆச்சி. பெரியய்யா தெம்பா நடந்தாக. இங்குட்டு வந்த பொறகு மறுபடியும் தண்ணி தண்ணின்னு கிடக்காக."

பூனைக்கு இனிப்புக் கொடுக்க வேண்டாம் என்று அவள் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். வேலைக்காரியை விட்டு மாமனாருக்கு உத்தரவு போடுகிற மருமகளை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா? அவர் வீட்டுக்குப் பெரியவர். அவருடைய அடுப்பில் அவர் செய்வதை நான் எப்படிக் கேட்பது? என்னால் முடிந்தது என் கையில் இருந்த வேலைதான். அன்று முதல் அவருக்குத் தண்ணீரை மட்டும் போட்டேன். புதிதாக வந்த குப்பிகளைப் பவுனுக்கு என்று மணல் பானையின் அடியில் எடுத்து வைத்தேன். பூனை நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷம் இருக்குமாம். முன்யோசனை வேண்டாமா?

கையைப் பார்த்தே எனக்கு எல்லாம் தெரிந்தது. வாரத்துக்கு வாரம் இளைத்தது. தோல் தொங்கித் தழும்பு சுருங்கிப்போனது. ஊசி இறங்கச் சதையைத் தேட வேண்டியிருந்தது. வலிக்கக் கூடாதே என்று காரைக்குடியில் சொல்லி மெல்லிய ஊசியாக வரவழைத்தேன். கால் கட்டைவிரலில் புண் வந்து ஆறவில்லை என்று சின்னத்தாயி சொன்னாள். புண்ணுக்குக் கட்டுத்துணியை நான்தான் வேகவைத்துக் கொடுத்தேன்.

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், ஐப்பசியில்தான் புதுப்பித்தேன். காலாவதியாகிக் கிடந்தது. இருக்கிற ஒன்றை வீணாக விடுவானேன் என்று செய்ததுதான். பெட்டியில் புடவைகளை அடுக்கியிருந்ததும் பூச்சி அரிக்காமல் இருக்கத்தான். பினாங்கு நினைப்பே எனக்கு இல்லை. என் நினைப்பெல்லாம் பவுனுடைய சர்க்கரையில்தான் இருந்தது.

மார்கழியில் மாமனார் நினைவு தப்பினார். காரைக்குடி டாக்டர் வந்தபோது மூச்சில் அழுகின பழவாடை அடித்ததாம். பச்சை என்று சொன்னீர்களே என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கேட்டார். மறுநாள் மாமனார் போய்விட்டார். டாக்டர் ஊசிக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அதில் என்ன இருந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் வந்தார். காரியங்களை எல்லாம் ஒழுங்காகச் செய்தார். கிளம்புகிற அன்று, "இவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிப் போட முடியாது. விளக்கேத்த ஆள் வேணும். நீ இரு, பெறகு பாப்போம்" என்றார். அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் போன பிறகு முகப்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு என் அடுப்படிக்குத் திரும்பினேன்.

பவுனுக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மஞ்சள் வந்தது. அப்புறம் பச்சை. ஒரு காலையில் குழாய் எவ்வளவு கொதித்தும் நீலமாகவே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு ஊசியே தேவைப்படவில்லை, அய்யா. மணல் பானையிலிருந்து நீங்கள் எடுத்த குப்பிகள் முழுசாக இருந்ததற்கு அதுதான் காரணம். வைத்தியம் பலித்துவிட்டது.

மாமனாருக்கு இது தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. எழுதிக்கொள்வதென்றால் முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். நினைவு தப்புவதற்குச் சில நாள் முன்பு, மாலை ஊசிக்குப் போய் நின்றேன். கை வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"நாகவல்லி. ஆத்தா. இது மருந்துதானா? மருந்துன்னா ஒரு வார்த்தை சொல்லு. தண்ணின்னா நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எதுன்னாலும் நான் கையை நீட்டுறேன்."

மாமனாரிடம் வாய் திறந்து பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கை வெளியே வந்தது. துடைத்துவிட்டுத் தண்ணீரைப் போட்டேன். கை உள்ளே போனது.

அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து நான் அவரிடம் ஒருநாளும் மரியாதை தவறி நடந்ததில்லை, அய்யா.