மச்சானுக்கு வாங்கிய ரப்பர்

அந்த ரப்பரை வாங்கிக் கொடுத்தது நான்தான், மேடம். நல்ல ரப்பர். மெத்தென்று இருக்கும், தாளை அழுக்காக்காது. இன்று நீங்கள் மச்சானுக்குப் பயிற்சி கொடுக்க வந்தபோது அதைக் கையில் எடுத்து, "இதை யார் குடுத்தது, எதுக்கு?" என்று கேட்டீர்கள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே நழுவிவிட்டேன். இப்போது அவள் குழந்தையைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போயிருக்கிறாள். மச்சான் தூங்குகிறார். உட்காருங்கள், சொல்கிறேன். நீங்களும் அவருக்கு நல்லது நினைப்பவர், நானும் அப்படித்தான்.

என் தொழில் பொம்மைகளுக்கு முகம் கொடுப்பது. கார்ட்டூனில் ஓடுகிற, விழுகிற, விழுந்ததும் தட்டிவிட்டு எழுகிற ஆட்களை முதன்முதலில் காகிதத்தில் கண்டுபிடிக்கிறவன் நான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிறுக்க வேண்டும், அவ்வளவுதான். பேனாவை நுனியில் பிடிக்காமல் வாலில் பிடித்து, மணிக்கட்டை மறந்துவிட்டுத் தோளிலிருந்து கையை வீச வேண்டும். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. அதன்மேல் ஓர் உருளைக்கிழங்கு, ஓர் அவரைக்கொட்டை, ஒரு பெட்டி. நன்றாக வருகிறதா என்று நின்று பார்க்கக் கூடாது. அழிக்கவே கூடாது. இப்படி ஒரு கத்தைக் காகிதத்தைப் பாழாக்கினால், ஏதோ ஒரு கிறுக்கல் கண்ணைத் திறந்து நம்மைப் பார்க்கும். அதுதான் ஆள். சின்ன வயதில் கணக்கு நோட்டில் செய்து அடி வாங்கிய வேலைக்கு இப்போது சம்பளம் தருகிறார்கள்.

மச்சானுக்கு இப்படி ஆன வருடம் என் கை கெட்டிப்பட்டுப் போயிருந்தது. எதைக் கிறுக்கினாலும் கண் திறக்கவில்லை. எங்கள் ஸ்டூடியோவின் மேலாளர் நான் கொடுத்ததையெல்லாம் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டு, "என்னப்பா, எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே. அப்போது எடுக்கவிருந்த கார்ட்டூன் தொடருக்கு ஆள் கிடைக்காவிட்டால் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது.

அதை வீட்டில் சொன்னது மச்சானிடம் மட்டும்தான். என் மனைவியின் அண்ணன். செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் உட்கார்ந்திருக்கிற மனிதர் என்பதால், யார் எப்படி நடப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஒரு நம்பர் சின்ன செருப்பை வீம்புக்கு வாங்கிப் போகிற அம்மா, விலையைப் பார்த்ததும் கால் வலிப்பதாகச் சொல்லி எழுந்துகொள்கிற பெரியவர், எல்லாரையும் எங்கள் கூடத்தில் நடந்து காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அதுதான் எங்கள் விளையாட்டு. அவர் ஒரு நிலையில் நிற்பார், நான் கிறுக்குவேன். நான் தாளைத் திருப்பும்வரை அவர் அசையக் கூடாது. தாளைத் திருப்பினால் அடுத்த ஆள். நடுவில் பேசினாலோ சிரித்தாலோ அவர் தோற்றார்.

"மாப்ள, இன்னைக்கு உன் கையில இருக்கற துருவெல்லாம் உதுத்து விட்டுடறேன் பாரு" என்றார் அன்று. மனைவியும் குழந்தையும் கடைக்குப் போயிருந்தார்கள்.

"முதல்ல தொப்பையை உள்ள இழுங்க மச்சான். தாள்ல இடம் பத்தாது."

"உன் பொம்மைக்குத்தான் வயிறே கிடையாதே, என்னோடதுல கொஞ்சம் எடுத்துக்கோ."

இறுக்கமான செருப்பு அம்மா வந்தார், போனார். கால் வலிப் பெரியவர் வந்தார், போனார். என் கோடு அசைந்து கொடுக்கவில்லை. மூன்றாவதாக மச்சான் சுவரோரம் போய் நின்றார். வாய் ஒரு பக்கம் தொங்கியது. வலது தோள் இறங்கியது. அந்தக் கை, யாரோ மாட்டிவிட்டு மறந்துபோன சட்டை மாதிரி ஆடியது. இது யார், புது வாடிக்கையாளரா என்று நினைத்துக்கொண்டேன். அபாரமான நடிப்பு. பேனா தானாகக் கிளம்பியது.

இதுவரை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, மேடம்.

அவர் என்னைக் கூப்பிட்டார். 'மாப்ள' என்றுதான் சொல்ல வந்தார். ஆனால் வாயில் கூழாங்கல் நிறைந்தது போல வேறு ஏதோ வந்தது. பேசினால் தோற்றதாக அர்த்தம். அவர் தோற்கிற ரகமில்லை. என் அப்பாவுக்கும் பக்கவாதம் இப்படித்தான் ஆரம்பித்தது. வாய் கோணினால், பேச்சுக் குழறினால், சட்டையைக்கூட மாட்டாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் மூளையில் கொஞ்சம் போகும் என்று அன்றைக்கு டாக்டர் சொன்னதை நான்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பாடம் மாதிரி ஒப்பித்தவன். ஆகவே எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது.

ஆனால் கோடு வந்துகொண்டிருந்தது. உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஒரு வருடமாக அடைத்திருந்த குழாயில் தண்ணீர் வந்தால் மூடவா தோன்றும்? தாளைத் திருப்பினேன். அவர் சுவரோடு சாய்ந்து கொஞ்சம் இறங்கியிருந்தார். அது இன்னும் நல்ல நிலை. திருப்பினேன். முழங்கால் மடிந்தது. தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு, நான் தேடியது எல்லாம் அதில் இருந்தது. அவர் தரைக்கு வந்து சேரும்வரை வரைந்தேன். பிறகும் கொஞ்சம் வரைந்தேன். வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

"எப்ப ஆரம்பிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"இப்பதான் சார்" என்றேன்.

மீதி உங்களுக்கே தெரியும். வலது பக்கம் போயிற்று. பேச்சுப் போயிற்று. எழுத்துகள்கூட அவருக்கு வெறும் புழுக்களாகிவிட்டன. அவரை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது நான். குளிப்பாட்டுவது, ஷேவ் செய்துவிடுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். "எங்க அண்ணனை இப்படிப் பாத்துக்க வேற யாருக்கு மனசு வரும்" என்று மனைவி போனில் எல்லாரிடமும் சொல்வாள். ஷேவ் செய்யும்போது அவர் கண் என்னையே பார்க்கும். ரேசர் கையில் இருக்கும்போது ஒரு மனிதரை நேருக்கு நேர் பார்ப்பது கொஞ்சம் சங்கடமான காரியம்.

அந்தக் கிறுக்கல்களில் கண் திறந்தவர்தான் கோணமாமா. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு பக்கம் வாய் கோணி, ஒரு கையை இழுத்துக்கொண்டு, சுவரோடு சுவராகச் சறுக்கி விழுவாரே, அவர்தான். ஸ்கூல் பையில் இருக்கிறார். தண்ணீர் பாட்டிலில் இருக்கிறார். எங்கள் தெருவில் திரும்பும் பஸ்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறார். முழங்காலில் அடிபட்ட குழந்தைக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில்கூட இருக்கிறார். நான் தெருவில் தலையைக் குனிந்து நடக்கப் பழகிவிட்டேன். குழந்தைகளின் செருப்பிலும் அவரைப் போடத் தொடங்கியபின் அதுவும் பயனில்லை. என் மகள் ஒருநாள் கூடத்தில் கோணமாமா மாதிரி நடந்து காட்டினாள். சொந்த மாமாவின் எதிரிலேயே. மனைவி அவள் தோளைப் பிடித்து, "மாமா முன்னாடி அப்படிச் செய்யாதடி, மனசு கஷ்டப்படும்" என்றாள். மச்சான் குழந்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். "இடது கையால சும்மா கிறுக்கச் சொல்லுங்க, சார். நீங்க ஆர்ட்டிஸ்ட், உங்களைவிட யாரு நல்லா சொல்லித்தர முடியும்?" என்றீர்கள். நான் மனசார சொல்லித் தந்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். பேனாவை வாலில் பிடிக்க வைத்தேன். மணிக்கட்டை மறக்கச் சொன்னேன். முதல் வாரம் முழுக்க வட்டங்கள். பிறகு உருளைக்கிழங்குகள். பிறகு ஒரு காலை இறுக்கமான செருப்பு அம்மா வந்து நின்றார், நாலே கோட்டில். நான் கைதட்டினேன். மச்சான் பாதி வாயால் சிரித்தார். அன்று நான் சமையலறைக்குப் போய் அழுதேன். எனக்கு இளகிய மனசு, அது என் சாபம்.

அவர் கைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடுத்த வாரம் அவர் ஒரு சுவரை வரைந்தார். சுவரில் ஒரு ஆள் சாய்ந்திருந்தார். எதிரில், மடியில் அட்டையை வைத்துக்கொண்டு இன்னொரு ஆள்.

"ஏங்க, இது நீங்கதானே! மூக்கு அப்படியே இருக்கு!" என்று மனைவி சிரித்து, அதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

மறுநாளும் அதே படம். சுவரிலிருந்தவர் கொஞ்சம் இறங்கியிருந்தார். அடுத்ததில் முழங்கால் மடிந்திருந்தது. நான் பார்த்த அதே வரிசை, எதிர்ப்பக்கத்திலிருந்து. எதிரே உட்கார்ந்திருந்தவன் மட்டும் மாறவேயில்லை. பற்களுக்கு நடுவே நாக்கைக் கொஞ்சம் துருத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். வேலை நன்றாக வரும்போது என் நாக்கு அப்படி வெளியே வரும் என்பது எனக்கே தெரியாது. தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், நான் பார்த்ததிலேயே சிறந்த முகம் அது. இரண்டு புள்ளி, ஒரு வளைவு. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து அது என்னைப் பார்த்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

"ஏன் இதையே வரையறார்? கீழ விழறது யாருங்க?" என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு, படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று மாலை ரப்பர் வாங்கினேன்.

அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. பேனாவைப் பிடுங்கவில்லை. ஒரு கை துணிச்சல் பெறுவது எப்படி என்று தெரிந்தவனுக்கு, அது எப்படிப் போகும் என்பதும் தெரியும். பேனாவுக்குப் பதில் கூராகச் சீவிய பென்சில் கொடுத்தேன். நுனியில் பிடிக்கக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்து மச்சான், அந்தக் கோடு சரியில்ல" என்றேன். "அவசரப்படாதீங்க. அழிச்சிட்டு மறுபடி போடுங்க." அவ்வளவுதான் சொன்னேன். கொஞ்ச நாளில் சுவர் மட்டும் வந்தது. பிறகு சுவரில் பாதி. பிறகு தாளில் அழித்து அழித்து ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கன்னம் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் எப்போதும் எச்சில் வழியும், துடைத்துவிட்டேன். ஃபிரிட்ஜில் இருந்ததையும் நான்தான் எடுத்தேன். மங்கிப்போச்சு என்றேன். அன்றிலிருந்து மனைவி போனில் என்னைப் பற்றிப் பேசுவது குறைந்திருக்கிறது.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை, மேடம். பயிற்சி நிற்கவில்லை. தினமும் காலையில் அவர் மடியில் அட்டையை வைக்கிறேன். பென்சில் நுனியைத் தாளில் ஊன்றிவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. லேசாகத் தலையை அசைப்பேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். வாய் திறக்காமலேயே இப்படிப் புரிந்துகொள்கிற மச்சான் யாருக்குக் கிடைப்பார், நீங்களே சொல்லுங்கள்.