நான்கு விரற்கடை

மூன்றாவது மணி அடித்ததும் மைக்கில் என் பெயரைச் சொல்ல வேண்டும். "உடல்நலக் குறைவால் வத்சலா பெண்ட்சே இன்று நடிக்கவில்லை, அவருக்குப் பதிலாகக் குழுவைச் சேர்ந்த ஒரு நடிகை" என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் வரி போதாது. ரோகிணி சானப். இந்த இரண்டு சொல்லைச் சேர்த்தால் போதும்.

இந்த நாடகக் கம்பெனியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பெயரை மட்டும் கேட்கக் கூடாது என்று நான் சேர்ந்த அன்றே சொன்னீர்கள். "பேரு கேட்டு வாங்குற சாமான் இல்லம்மா. உழைச்சா தானா வரும்." நான் தலையாட்டினேன். நாடகக் கல்லூரியில் பட்டம் வாங்கி வந்த புதிது. வெறுமனே தலையாட்டக்கூடத் தெரியாது எனக்கு. உட்பொருள் வைத்துத்தான் ஆட்டுவேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் டோங்ரே சார். நானாகக் கேட்டிருக்க மாட்டேன். சற்று முன் பூசைத் தேங்காயை உடைத்துவிட்டு என் முதுகில் தட்டி, "உனக்கு அடிச்சுது பாரு யோகம்" என்றீர்கள். அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பள்ளி முடித்தபோது யோகம் என்றார்கள். கல்லூரியில் இடம் கிடைத்தபோதும் அதே யோகம். பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. அம்மா ஒருத்திதான் யோகம் என்று சொல்லாதவள். "தமாஷாக் கூத்துல ஆடறதுக்கு எதுக்குடி டிகிரி?" என்றுதான் கேட்டாள்.

இது யோகம் இல்லை சார். வேலை. உட்காருங்கள், இரண்டாவது மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

கல்லூரியில் மகாராணியாகவும் நடித்தேன், மரமாகவும் நடித்தேன். பரிசு மரத்துக்குத்தான் கிடைத்தது. மேடைவெளி என்று ஒரு பாடம் இருந்தது. வசனத்தை மூளை மறந்தாலும் மேடையைக் கால் மறக்காது என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றேன். இங்கே வந்ததும் நீங்கள் கொடுத்தது செட்டில் சாமான் அடுக்கும் வேலை. புடவைகளுக்கு இஸ்திரி போடுவது, இடைவேளையில் வத்சலா அக்காவுக்குச் சூடாக வடா வாங்கி வருவது. வடா வாங்குவதற்குப் பாடத்திட்டத்தில் எதுவும் இல்லை. போகப் போகப் பழகிக்கொண்டேன்.

அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. மேடையில் கண்ணாடி போடவும் மாட்டார். ஆனாலும் நாடகத்தில் மாமியாராக வந்து மருமகளைத் திட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பின்னால் கை நீட்டிச் செம்பை எடுப்பார். பேசிக்கொண்டே பின்னுக்கு நடந்து, பார்க்காமலே ஊஞ்சலில் உட்காருவார். அதற்கென்றே கைதட்டல் விழும். நாசிக்கோ சோலாப்பூரோ, மேடை பெரியதோ சின்னதோ, கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கு அவர் காலில் இருந்தது. அதை விட்டால் சாமான் வைக்கும் இடத்தைக் குறித்து ஊருக்கு ஊர் தரையில் நான் ஒட்டும் வெள்ளை டேப்பில் இருந்தது.

முதலில் செம்பு. சாத்தாராவில். நான்கு விரற்கடை தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். கை காற்றைத் துழாவியது, உடனே சமாளித்துக்கொண்டார். பெரிய நடிகை என்று சும்மாவா சொல்கிறார்கள். திரைமறைவில் நின்று நானே மனதாரக் கைதட்டினேன். யாரும் டேப்பைப் பார்க்கவில்லை. தினம் ஒரு மேடை மாறுகிற தொழிலில், நேற்று செம்பு எங்கே இருந்தது என்று யார் அளந்து பார்ப்பார்கள்?

அடுத்த ஊரில் சரியாக வைத்தேன். அதற்கடுத்த ஊரில் செட்டில் இருக்கும் தொலைபேசியை நகர்த்தினேன். பிறகு கொஞ்ச நாள் எல்லாம் சரி, அப்புறம் மறுபடி செம்பு. எப்போதும் தவறினால் மனிதர்கள் சாமானைச் சந்தேகிப்பார்கள். எப்போதாவது தவறினால் தங்களையே சந்தேகிப்பார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை சார், நானே கண்டுபிடித்தது.

பஸ்ஸில் அவர் என்னைத் தன் பக்கத்தில்தான் உட்கார்த்தி வைத்துக்கொள்வார், தெரியும் உங்களுக்கு. முன் சீட்டில் வேறு யாரையும் விடமாட்டார். கராட் தாண்டியதும் ஒரு நாள் மெல்லக் கேட்டார்.

"ஏய் ரோகிணி, உண்மையச் சொல்லு. செம்ப மாத்தி வச்சியா?"

"இல்லக்கா. எப்பவும் வைக்கிற எடந்தான்."

"அப்ப எனக்குத்தான் கழண்டுக்கிச்சு போல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எங்கம்மா கடைசியில என்னையே பாத்து நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா, தெரியுமாடி?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

ஊஞ்சலைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறக்கிறீர்கள். ஆமாம், சாங்க்லியில் அதைப் பின்னுக்குத் தள்ளியதும் நான்தான். பலகையின் விளிம்பில் பட்டு வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். நகைச்சுவை நாடகம், அரங்கமே சிரித்து உருண்டது. அவரும் விடவில்லை, தரையில் இருந்தபடியே, "இந்த வீட்டுல ஊஞ்சலுக்குக்கூட என்னப் புடிக்கல" என்று ஒரு போடு போட்டார். நன்றாக இருக்கிறது, வசனத்தில் சேர்த்துவிடலாம் என்று நீங்களே சொன்னீர்கள். சேர்த்துக்கொண்டேன். இன்று பேசுவேன்.

அன்று அவர் இடுப்பு கன்றிப் போயிருந்தது. நான்தான் ஒத்தடம் கொடுத்தேன். "நீ இல்லன்னா எனக்கு யாருடி இருக்கா" என்றார். எனக்கு அழுகை வந்தது. நிஜ அழுகை சார். நிஜத்துக்கும் நடிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் நான் வகுப்பில் முதல் மாணவி.

அவர் மகனுக்குப் போன் செய்ததும் நான்தான். "அக்கா கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி இருக்காங்க அண்ணா. நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க." யாராவது சொல்ல வேண்டுமே. அதனால்தான் இன்று இங்கே கோலாப்பூரில் நமக்கு ஹவுஸ்ஃபுல் பலகை தொங்கும்போது, அவர் புனேயில் ஒரு மருத்துவமனை பெஞ்சில் மகன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நேற்று போனில் பேசினார். "நான் இனிமே மேடை ஏறமாட்டேன்டி. என் பொடவைய நீயே கட்டிக்க. கொசுவத்த இறுக்கிச் சொருகு, இல்லன்னா மானம் போயிடும்" என்றார். இறுக்கித்தான் சொருகியிருக்கிறேன்.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

தீபாவளிக்கே, சாத்தாராவுக்கு முன்னாலேயே, அவர் உங்களிடம் கேட்டாரா? "மதிய ஆட்டத்தையெல்லாம் ரோகிணி பண்ணட்டும், நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்" என்றா? நீங்கள் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி மறந்தே போனீர்களா?

அப்படியா. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்; கேட்கக் கூடாது என்பதுதானே இங்கே சட்டம்.

கொஞ்சம் யோசிக்க விடுங்கள்.

யோசித்தாகிவிட்டது. அப்படிக் கிடைத்திருந்தால் அவர் பார்த்துப் போட்ட பிச்சை என்பீர்கள், அதற்கும் என்னை யோகக்காரி என்பீர்கள். இப்போது அப்படி யாரும் சொல்ல முடியாது.

போனை எதற்கு என் பக்கம் நீட்டுகிறீர்கள்? அவரிடம் உண்மையைச் சொல்லலாம்தான். சொன்னால் மன்னித்துவிடுவார், அவரை எனக்குத் தெரியும். மன்னித்த கையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்துவிடுவார். அதனால் சொல்லப் போவதில்லை. நீங்கள் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். "ரோகிணியா? போய்யா, அவ எனக்குப் பொண்ணு மாதிரி" என்று வைத்துவிடுவார். அப்புறம் உங்களுக்கும் கழன்றுவிட்டதோ என்று என்னிடம்தான் கவலையோடு விசாரிப்பார்.

இரண்டாவது மணி அடித்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் வத்சலா அக்காவின் வசனம் முழுவதும் தெரிந்தவர் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மைக்குக்காரரிடம் வேறு தாள் எழுதிக் கொடுத்து வெகு நேரம் ஆகிறது, என் பெயர் அதில் இருக்கிறது. உங்களிடம் கேட்டது ஒரு மரியாதைக்கு.

கொஞ்சம் நகருங்கள், புடவை மிதிபடும். இத்தனை சொன்ன பிறகு நீங்கள் ஒன்றை மட்டும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. நான் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை சார். காலியாகக் கிடக்கும் இடத்தில் போய் நிற்கிறேன், அவ்வளவுதான்.