நிழலுக்கு ஒரு சீட்டு

பேசுகிறவர்கள் நேரம் கடந்தால் அடிப்பதற்கென்று கையில் மணியோடு அமர்ந்திருக்கும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய இராமகிருஷ்ணன் அய்யா அவர்களே. தமிழ்நாட்டின் எட்டுத் திசையிலிருந்தும் தொழிற்சாலை வேலைக்கென்று வந்து, இந்தத் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் ஒரே ஊராகிவிட்ட பெரியோர்களே. குக்கரின் மூன்றாவது விசிலுக்குக் காத்திராமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே. நாற்காலி போதாமல் பூங்காவின் ஓரத்தில் நிற்கும் தம்பிமார்களே. எல்லோருக்கும் மேலாக, அதோ, அந்த மேற்குக் கம்பிக் கதவுக்கு வெளியே, ஒலிபெருக்கிச் சத்தத்தையே அழைப்பிதழாக எடுத்துக்கொண்டு வந்து நிற்கும் மேனாம்பேட்டு மக்களே. உங்கள் அனைவருக்கும் தாட்சாயிணியின் பணிவான வணக்கம்.

மேடைக்கு நான் புதியவள். உங்களுக்கு நான் பழையவள். பதினேழு ஆண்டுகளாக இந்தக் குடியிருப்பின் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள் நான். அதனால் யார் யார் வீரர்கள், யார் யார் ஊசியைக் கண்டதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஜேம்ஸ் சார், நீங்கள் தலையைக் குனிய வேண்டாம், பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஆண்டு விழா மேடையில் நர்ஸுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டும். இன்னும் சற்று நேரத்தில் ஒரு தீர்மானம் உங்கள் முன் வருகிறது. மூன்று வாரமாகப் பூட்டிக் கிடக்கும் அந்த மேற்குக் கதவைத் திறப்பதா, அல்லது செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவதா? இதுதான் கேள்வி. அந்தக் கதவு பூட்டப்பட்டதற்குக் காரணம் ஒரு சீட்டு. அந்தச் சீட்டை எழுதிய கை இந்தக் கை. குற்றம் செய்தவளே எழுந்து பேசுவதுதான் முறை என்று வந்திருக்கிறேன்.

முன்வாசலை ஒட்டிய நம் டிஸ்பென்சரியில் வியாழக்கிழமைதோறும் வெளி ஆட்களுக்கும் வைத்தியம் பார்க்கிறோம். அது இந்தச் சங்கம் செய்த நல்ல காரியம், அதற்கு முதலில் ஒரு கும்பிடு. அப்படி ஒரு வியாழக்கிழமை, போன ஆண்டு ஐப்பசியில், ஒரே நாளில் இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஒருவர் வெல்டிங் பிரிவு ஜேம்ஸ். பார்த்தீர்களா, அவரே கை தூக்கிவிட்டார். மற்றொருவர் மேனாம்பேட்டுக் கன்னியம்மாள். தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு ரப்பர் வாஷர்களின் பிசிறை வெட்டிக் கொடுக்கிற வேலை, வீட்டில் உட்கார்ந்தபடியே. இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. இருவருக்கும் ஒரே அளவு சர்க்கரை. ஒரே மாத்திரை. ஒரே டாக்டர். இருவர் சீட்டிலும் நான் ஒரே வரியை எழுதினேன்: தினமும் அரை மணி நேரம் நடக்கவும்.

ஆறு மாதம் கழிந்தது. ஜேம்ஸுக்குச் சர்க்கரை பாதியாகக் குறைந்தது. கன்னியம்மாளுக்கு ஏறியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "நடக்கச் சொன்னா நடக்கிறதில்ல, மாத்திரைய மட்டும் கேட்டு வந்துடுறீங்க" என்று திட்டினேன்.

அவர் தலை நிமிரவில்லை. "நடக்கறேன் சிஸ்டர். டெய்லி நடந்துகினுதான் கீறேன்" என்றார்.

நான் நம்பவில்லை. அன்பானவர்களே, அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவர் கணவர் கன்னியப்பன் வந்து, காலில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார் என்றார். சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. பஞ்சையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இந்தக் கதவிலிருந்து எண்ணி ஆறு நிமிட நடை. பதினேழு ஆண்டில் அதுதான் நான் அந்தத் தெருவுக்குள் போன முதல் நாள்.

என்ன நடந்தது என்று கேட்டேன். பாடி ஊருக்குப் போகிற பெரிய ரோட்டில் ஓரமாக, லாரிக்கு நின்று நின்று நடந்திருக்கிறார். பின்னால் லாரி வந்திருக்கிறது. ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் ரோடு இல்லை, சாக்கடைதான் இருந்தது. அன்றோடு ரோட்டை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே நடக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த வீடு எவ்வளவு பெரியது? ஒரே அறை. நடுவில் கட்டில். புண்பட்ட காலோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நூறு சுற்று. வாஷர் எண்ணிப் பழகிய கை, பத்துச் சுற்றுக்கு ஒரு வாஷர் எடுத்து வைத்து எண்ணியிருக்கிறது. ஜன்னல் விளிம்பில் பத்து வாஷர் வரிசையாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கன்னியப்பன் என்னிடம் முறையிட்டார். "இன்னா சிஸ்டர் இது, இவ பாட்டுக்குச் சுத்துறா. கட்டில்ல படுத்துகினு பாத்தா எனக்குக் கிறுகிறுன்னு வருது. எனக்கும் ஒரு மாத்திர குடு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். திரும்பி வந்து இந்த மேற்குக் கதவருகில் நின்றபோது சிரிப்பு நின்றுபோனது. நடக்கவும் என்று எழுதினேனே, எங்கே நடக்க என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஜேம்ஸுக்கு நான் எழுதிய வரிக்குள் இந்தப் பூங்கா இருந்தது. இந்த மண் பாதை இருந்தது. இந்த மரங்கள் இருந்தன, மரத்தடி பெஞ்சு இருந்தது, கூட நடக்க நான்கு நண்பர்கள் இருந்தார்கள். கன்னியம்மாளுக்கு எழுதிய அதே வரிக்குள் லாரி இருந்தது, சாக்கடை இருந்தது, ஒரு கட்டில் இருந்தது. எழுத்து ஒன்றுதான். மருந்து ஒன்றாகுமா? மாத்திரையைப் பிரித்துக் கொடுத்த நாம், மர நிழலைப் பிரித்துக் கொடுத்தோமா?

புண் ஆறிய பிறகு அடுத்த வியாழக்கிழமை அவர் வந்தார். மனம் கேட்காமல் சீட்டில் கொஞ்சம் விரிவாக எழுதினேன்: மர நிழலில், மண் தரையில், தினமும் அரை மணி நேரம் நடக்கவும். எல்லாச் சீட்டுக்கும் வைப்பதுபோல டிஸ்பென்சரியின் வட்ட முத்திரையையும் வைத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை. மறுபடியும் எங்கே என்று சொல்லவில்லை.

ஆனால் நம் பழக்கம் என்ன? மாத்திரைச் சீட்டை எந்த ஜன்னலில் நீட்ட வேண்டும்? மாத்திரை இருக்கிற ஜன்னலில். எக்ஸ்ரே சீட்டை? எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில். முத்திரை வைத்த சீட்டை, அந்தப் பொருள் இருக்கிற இடத்தில் நீட்டினால் கிடைக்கும். இதைத்தானே பதினேழு ஆண்டுகளாக நாம் மேனாம்பேட்டு மக்களுக்குப் பழக்கியிருக்கிறோம்? கன்னியம்மாள் அதைத்தான் செய்தார். மர நிழல் என்று எழுதியிருந்தது. மர நிழல் இருக்கிற இடத்துக்கு வந்து, அந்த மேற்குக் கதவின் காவலர் கோவிந்தராஜ் அண்ணனிடம் சீட்டை நீட்டினார்.

"இன்னாம்மா இது?"

"டிஸ்பென்சரி சீட்டு அண்ணாத்தே. மர நெழலு எழுதிக்கீறாங்க. இங்கதான மரம் கீது?"

கோவிந்தராஜ் அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை சரியாக இருந்தது. முத்திரைக்கு மறுபேச்சு பேசாதவர் அவர். பதிவேட்டைத் திறந்தார். பெயர்: கன்னியம்மாள். ஊர்: மேனாம்பேடு. யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, மரம் என்று எழுதினார். என்ன காரியம் என்ற கட்டத்தில் நிழல் என்று எழுதினார். கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பதிவேட்டைப் பிறகு நான் பார்த்தேன். கன்னியம்மாள் பெயரில் மட்டும் நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு வரி, எல்லா வரியிலும் மரம், நிழல், மரம், நிழல். இதைவிட நல்ல கையெழுத்தை நான் எந்த ஆஸ்பத்திரி ஏட்டிலும் பார்த்ததில்லை.

கன்னியம்மாளுக்குச் சர்க்கரை இறங்கியது. முகத்தில் வெளிச்சம் ஏறியது. செய்தி ஊருக்குள் பரவியது. வியாழக்கிழமைகளில் என் முன்னால் வந்து நின்றவர்கள் மாத்திரை கேட்கவில்லை. பட்டறைப் புகையில் மூச்சு வாங்கும் வடிவு வந்தார். "அந்த நெழலு சீட்டு எனக்கும் ஒண்ணு எழுதேன் சிஸ்டர்" என்றார். மனைவி போன பிறகு யாரோடும் பேசாமலிருந்த பரந்தாமன் வந்தார். முதல் சீட்டு என் கவனக்குறைவு. அடுத்த எட்டுச் சீட்டுகள் அப்படியல்ல. தெரிந்தே எழுதினேன். தலைவர் அவர்களே, இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். புகார் போனது. பதிவேடு பார்க்கப்பட்டது. கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. கோவிந்தராஜ் அண்ணனுக்கு, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. முத்திரையை மதித்த மனிதருக்கு மெமோ; முத்திரை வைத்தவளுக்கு மேடை.

என்னம்மா, பின் வரிசையில் கேட்கிறீர்கள்? பிள்ளைகள் விளையாடுகிற இடம், பாதுகாப்பு வேண்டாமா என்றா? வேண்டும். நியாயமான கேள்வி. நானும் நான்காம் வரிசை வீட்டில் குடியிருக்கிறவள்தான். என் மகளும் இங்கேதான் சைக்கிள் பழகினாள். அதனால் விசாரித்தேன். அந்த நாற்பத்தொரு நாளில் இந்தப் பூங்காவில் காணாமல் போனது ஒன்றே ஒன்று. பார்வதம் அம்மாவின் இடது கால் செருப்பு. எடுத்தது நாய். அதுவும் நம் குடியிருப்பு நாய்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், கன்னியம்மாள் தண்ணீர்த் தொட்டி ஓரத்து மரத்தில் கை வைத்து நிற்பதைப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறதோ என்று ஓடினேன்.

"இல்ல சிஸ்டர், நல்லாத்தான் கீறேன். இது ரெண்டு வாட்டி பட்டுப் போச்சு. மூணாவது வாட்டிதான் புடிச்சுது. எப்டி நிக்குது பாரேன்."

எனக்குப் புரியவில்லை. பிறகு சொன்னார். இந்தக் குடியிருப்பு கட்டப்பட்ட காலத்தில், கல்யாணமான புதிதில், இங்கே தினக்கூலிக்குத் தண்ணீர் சுமந்தவர் அவர். அப்போது குழாய் இல்லை. குளத்திலிருந்து குடம் குடமாக, இரண்டு கோடைக்காலம், இந்த வரிசை முழுக்க ஊற்றியிருக்கிறார். வேலை முடிந்த அன்று வெளியே போனவர், அதன் பிறகு இந்த மரத்தடிக்கு வந்தது என் சீட்டோடுதான்.

"இத அன்னிக்கே கோவிந்தராஜ் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"சொல்லி இன்னா சிஸ்டர்? சீட்டுல அது எழுதலியே" என்றார்.

அன்பார்ந்தவர்களே, அவர் தண்ணீர் ஊற்றினார், அதனால் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. அப்படிக் கேட்டால் வடிவு எந்த மரத்துக்கும் தண்ணீர் ஊற்றியதில்லையே, அவர் நுரையீரலுக்கு என்ன பதில்? பரந்தாமனின் தனிமைக்கு என்ன பதில்? உழைத்தவர்க்கு மட்டும் நிழல் என்றால், உடம்பு சரியில்லாதவர்க்கு நிழல் ஏது? நோய் வேலி பார்த்து வருகிறதா? காற்று கதவு பார்த்து வீசுகிறதா? சர்க்கரை இரண்டு பக்கமும் ஏறுகிறது. பூங்கா மட்டும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் பிறந்ததோ அந்தப் பக்கம் பிறந்ததோ, ஒரு மனிதர் எத்தனை நாள் நடமாடுவார் என்பதைத் தீர்மானிக்கலாமா?

நான் கேட்பது அதிகமில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அந்தக் கதவு திறந்திருக்கட்டும். கோவிந்தராஜ் அண்ணனின் மெமோவை என் பெயருக்கு மாற்றுங்கள். விளக்கத்தை நான் எழுதிக் கொடுக்கிறேன், முத்திரையோடு.

மூன்று வாரமாகக் கன்னியம்மாள் மறுபடியும் கட்டிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். நேற்று நான் போனபோது ஜன்னல் விளிம்பில் வாஷர்கள் மறுபடியும் வரிசையாக இருந்தன. இப்போது அவர் அதோ, கதவுக்கு வெளியே, பச்சைப் புடவையில் நிற்கிறார். கையில் அந்தப் பழைய சீட்டு. மடித்து மடித்து நான்காகக் கிழியப் போகிறது. அக்கா, அதை உள்ளே வையுங்கள். இனி நிழலுக்கு நான் சீட்டு எழுதப் போவதில்லை. எழுத வேண்டிய நிலை இருக்கவும் கூடாது.

இன்னும் தீர்மானம் வரவில்லை, வாக்கு கேட்க எனக்கு அதிகாரம் இல்லை... ஜேம்ஸ் சார், நான் கேட்கவே இல்லையே, ஏன் கை தூக்குகிறீர்கள்? பார்வதம் அம்மா, நீங்களுமா? செருப்பு போன பிறகுமா?

இல்லை, எல்லாக் கைகளும் இல்லை. மூன்றாவது வரிசையில் கட்டிய கைகள் கட்டியபடியே இருக்கின்றன. பரவாயில்லை, உங்களோடு டிஸ்பென்சரியில் பேசிக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பக்கம்... அய்யோ, இத்தனை கைகளா? இத்தனை கைகளுக்கும் நான் ஊசி போட்டிருக்கிறேன். ஒன்றையும் இவ்வளவு அன்போடு பார்த்ததில்லை.

தலைவர் அய்யா மணியைக் கீழே வைத்துவிட்டார். எழுந்துவிட்டார். அய்யா, பார்த்து இறங்குங்கள், படி தளர்ந்திருக்கிறது. கோவிந்தராஜ் அண்ணே, அய்யாவுக்கு வழி காட்டுங்கள். புதுப் பூட்டு, சாவி கொஞ்சம் இறுகும். சற்றே தூக்கித் திருப்ப வேண்டும். என்ன அண்ணே? பதிவேட்டை எடுத்து வரவா என்றா கேட்கிறீர்கள்? வேண்டாம் அண்ணே. இன்றைக்கு எதுவும் எழுத வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், தூக்கிய கைகளுக்கும், பேசவிட்ட தலைவருக்கும் இந்த நர்ஸின் நன்றி. மிச்சமிருக்கும் ஒரு வணக்கத்தை, இன்னும் வாசலிலேயே தயங்கி நிற்கிற ஒருவருக்காக வைத்திருந்தேன்.

உள்ளே வாங்க, கன்னியம்மாக்கா. வணக்கம்.