ஆடு கடித்த வேலி

மேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஆடு வளர்க்கும் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அருகில் கம்பியைப் பிடித்து நின்றவர் திடீரென்று சொன்னார்.

"தங்கச்சி, உன் ஆட்டை மறுபடியும் என் இலந்தை வேலியில மேய விடு."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "போன வருசம் அதுக்குத்தானண்ணே அம்புட்டுச் சண்டை போட்டீக?"

"போட்டேன்தான். வேலியக் கடிச்சே அழிச்சிருமுன்னு நெனச்சேன். நீ ஓட்டிட்டு வாரத நிறுத்துன பெறகு செடி பூரா வெறுங்குச்சியா ஓங்கிப்போச்சு, இலையே கம்மி. முன்ன ஆடு கடிச்ச கொப்புலதான் பக்கத்துக்குப் பக்கம் துளிர் விட்டு அடர்த்தியா நின்னுச்சு."

"அதுக்காகத் தெனமும் விட்டா மொட்டையாயிரும்ணே. ஒருதடவ மேஞ்சா, நல்லாத் தழைக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே ஓட்டக் கூடாது."

"அத நீயே பாத்துக்க. அப்படியே வீட்டுக்கும் வா. உன்னோட பேசாம உன் மதினிக்குப் பொழுதே போகல."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காருங்கண்ணே. இன்னும் எம்புட்டு நேரம் நின்னுக்கிட்டே வருவீக?"